வீட்டுச் சாதனம் கேள்வி பதில்: கட்டிலோரக் கடிகார வானொலி

போன இதழில் மேசை மின்விசிறி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும்போது, வயதானவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அலாரம் ரேடியோ இருப்பது நல்லது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் அதிகம். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்குகிறேன். எனக்கும் இது மனதுக்கு நெருக்கமான பொருள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்க வீடுகளுக்குப் போன கிளாக் ரேடியோக்களில் நிறைய சிங்கப்பூரில் செய்யப்பட்டவை. அப்படிப்பட்ட ஒரு தொழிற்சாலையில், பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகச் சோதித்துப் பார்க்கும் வரிசையில் நான் வேலை செய்தேன்.

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 78 வயது. காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட வேண்டும். அதற்காக ஒரு கடிகார வானொலி வாங்கினேன். பிளக்கை மாட்டியதும் 12:00 என்று மின்னிக்கொண்டே இருந்தது. நேரமும் அலாரமும் வைத்தேன். காலையில் சத்தமே இல்லை. மாலை ஆறு மணிக்கு அடிக்கிறது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாமா? - ஒரு மகள், ஈசூன்

பதில்: மாற்ற வேண்டாம் தங்கச்சி. சாதனம் நன்றாகத்தான் இருக்கிறது.

12:00 மின்னுவது பழுது அல்ல. மின்சாரம் இப்போதுதான் வந்தது, யாராவது நேரம் வையுங்கள் என்று அது கேட்கிறது. மாலையில் அடிப்பதற்குக் காரணம் ஒரு சின்னப் புள்ளி. இந்த வகைக் கடிகாரங்கள் பெரும்பாலும் 12 மணி நேரக் கணக்கில் ஓடும். எண்களின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு விளக்கு இருக்கும், பக்கத்தில் 'பிஎம்' என்று எழுதியிருக்கும். அது எரிந்தால் நண்பகலுக்குப் பிந்திய நேரம், எரியாவிட்டால் முற்பகல். நேரத்துக்கு ஒரு முறை, அலாரத்துக்கு ஒரு முறை என்று அந்தப் புள்ளியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டில் ஒன்று 12 மணி நேரம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். பகல் 12 மணிக்குப் புள்ளி எரிய வேண்டும், நள்ளிரவு 12 மணிக்கு எரியக்கூடாது. பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். 24 மணி நேரக் கணக்குக்கு மாற்றும் வசதி இருந்தால் மாற்றிவிடுங்கள், இந்தத் தொல்லையே வராது.

வைக்கும் வரிசையையும் சொல்கிறேன். முதலில் அடிப்பக்க மூடியைத் திறந்து பேட்டரி போடுங்கள். சிலவற்றில் 9 வோல்ட் சதுர பேட்டரி, சிலவற்றில் இரண்டு ஏஏ, புதியவற்றில் சில்லறைக் காசு போன்ற சிஆர்2032. மின்சாரம் போனால் நேரத்தைக் காப்பாற்றுவது இந்த பேட்டரிதான். அந்தச் சமயத்தில் எண்கள் அணைந்துவிடும், உள்ளே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பிளக்கை மாட்டி நேரத்தை வையுங்கள். பெரும்பாலும் 'டைம்' பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மணியையும் நிமிடத்தையும் நகர்த்த வேண்டும், விட்டுவிட்டால் நகராது. அடுத்து நிலையம். பிறகு ஒலியளவு. அலாரம் கடைசியில்.

அலாரத்துக்கு முன் ஒலியளவை வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலாரம் இரண்டு விதமாக எழுப்பும்: 'பஸ்ஸர்' என்ற பீப் சத்தம், அல்லது வானொலி. வானொலியைத் தேர்ந்தெடுத்தால், பல சாதனங்களில் இரவு நீங்கள் விட்ட அதே ஒலியளவில்தான் காலையில் பாடும். அம்மா இரவில் மெதுவாக வைத்துக் கேட்டுவிட்டுத் தூங்கினால், காலை ஆறு மணிக்கும் மெதுவாகத்தான் பாடும், அவருக்குக் கேட்காது. மாத்திரைக்காக எழுப்பும் அலாரம் என்பதால் பஸ்ஸரையே வையுங்கள். இரண்டு அலாரம் உள்ள சாதனம் என்றால் முதலாவதை வானொலிக்கும், பத்து நிமிடம் கழித்து இரண்டாவதைப் பஸ்ஸருக்கும் வைக்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பகலிலேயே, இப்போதைய நேரத்துக்கு மூன்று நிமிடம் தள்ளி அலாரம் வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொல்லுங்கள். அவர் காதுக்கு எட்டுகிறதா, கையை நீட்டி அவராகவே நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். தொழிற்சாலையில் எங்கள் வரிசையில் இதைச் செய்யாமல் ஒரு சாதனமும் வெளியே போகாது. வீட்டிலும் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

பொத்தான்களை அம்மாவின் விரலே அழுத்திப் பழகட்டும். நீங்கள் அழுத்திக் காட்டினால் அவர் தலையாட்டுவார், மறுநாள் உங்களைத்தான் கூப்பிடுவார். நிறுத்தும் பொத்தான் மேல் சின்ன மேடான ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுங்கள், இருட்டில் விரல் அதைக் கண்டுபிடிக்கும். எண்களின் வெளிச்சத்தைக் குறைக்கும் 'டிம்மர்' இருந்தால் குறைத்துவிடுங்கள். இனி வாங்குகிறவர்கள் சிவப்பு அல்லது மஞ்சள் எண் உள்ளதைப் பாருங்கள். நீல வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும்.

வீட்டில் பேரக் குழந்தைகள் இருந்தால் இன்னொன்று. சிஆர்2032 பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடியின் திருகாணியைக் கட்டாயம் இறுக்குங்கள். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

கேள்வி: ஸ்னூஸ் அழுத்தினால் சரியாக 9 நிமிடத்தில் மறுபடி அடிக்கிறது. 10 ஆக மாற்ற முடியுமா? - மாணவி, தெம்பனிஸ்

பதில்: பழைய வகையில் முடியாது, அது சில்லுக்குள்ளேயே பதிந்த கணக்கு. புதியவற்றில் சிலவற்றில் 5 முதல் 30 நிமிடம் வரை தேர்ந்தெடுக்கலாம், கையேட்டைப் பாருங்கள். 1956இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்-டெலிகுரோன் விற்ற கடிகாரத்திலிருந்து இந்தப் பழக்கம் தொடர்கிறது. ஸ்னூஸை அழுத்திவிட்டு அலாரத்தை நிறுத்திவிட்டதாக நினைத்துப் பள்ளிக்கூடம் போய்விடாதீர்கள். பூட்டிய அறையில் அது மறுபடி அடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பாவம்.

கேள்வி: சகோதரி, என் மகன் அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பியபோது அங்கே பயன்படுத்திய கடிகார வானொலியை எனக்குக் கொண்டுவந்து தந்தான். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி மாட்டினோம். இரவு 10 மணிக்குச் சரியாக வைத்தால் காலை 6 மணிக்கு 4.40 காட்டுகிறது. அதோடு நம் தமிழ் வானொலி நிலையமான ஒலி 96.8 வரவே மாட்டேன் என்கிறது. பொத்தானை அழுத்தினால் 96.7, அடுத்தது 96.9. நடுவில் 96.8 இல்லை. மகன் ஆசையாகத் தந்தது, தூக்கிப் போட மனமில்லை. - ஓய்வுபெற்ற ஆசிரியர், சுவா சூ காங்

பதில்: ஐயா, இவ்வளவு துல்லியமாக எழுதியதற்கு நன்றி. நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மாறுமின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை அலையடிக்கிறது என்ற கணக்கு. இந்த வகைக் கடிகார வானொலியில், கைக்கடிகாரத்தில் இருப்பது போல நேரம் அளக்கும் குவார்ட்ஸ் படிகம் கிடையாது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் அது நேரம் பார்க்கும். 60 எண்ணினால் ஒரு நொடி என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே ஒரு நொடிக்கு 50 அலைதான் வருகிறது. அதனால் நம்முடைய ஒரு மணி நேரம் அதற்கு 50 நிமிடம். மணிக்கு 10 நிமிடம் வீதம் எட்டு மணி நேரத்தில் 80 நிமிடம் பின்தங்கும். இரவு 10க்கு வைத்தால் காலை 6க்கு 4.40. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு முழு நாளுக்கு நான்கு மணி நேரம் போய்விடும்.

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. எவ்வளவு விலை கொடுத்து எவ்வளவு பெரிதாக வாங்கினாலும் அப்படித்தான்.

வழி இல்லாமல் இல்லை. முதலில் அடிப்பக்கத்தையும் பேட்டரி அறைக்குள்ளும் பாருங்கள். 50/60 என்று ஒரு குட்டி சுவிட்ச் சிலவற்றில் இருக்கும், அதை நகர்த்தினால் முடிந்தது. சுவிட்ச் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் கடிகாரச் சில்லுகள் பலவற்றில் 50ஆ 60ஆ என்று தேர்ந்தெடுக்க ஒரு இணைப்புக் கால் ஒதுக்கியிருப்பார்கள். ஒரே மின்பலகையை இரண்டு சந்தைக்கும் அனுப்பலாம், ஒரு கம்பித் துண்டுதான் வித்தியாசம். பழைய வானொலி பழுது பார்க்கும் மெக்கானிக் யாராவது அகப்பட்டால் அவரிடம் கொண்டுபோய், கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்ற முடியுமா என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். நீங்களாகத் திறக்காதீர்கள், உள்ளே மின்சாரம் நேரடியாக வரும் இடம் இருக்கிறது.

இனி 96.8. அமெரிக்காவில் பண்பலை நிலையங்களின் எண்கள் எல்லாம் ஒற்றைப்படைப் புள்ளியில்தான் முடியும்: 96.5, 96.7, 96.9 என்று. அதனால் அங்கே விற்கும் டிஜிட்டல் வானொலி 0.2 வீதம் தாண்டித் தாண்டிப் போகும். நம் ஒலி 96.8 அதன் இரண்டு அடிகளுக்கு நடுவில் விழுந்துவிடுகிறது. 96.7இலோ 96.9இலோ வைத்தால் குரல் கரகரத்து உடைந்து கேட்கும். இதற்கும் சிலவற்றில் வட்டார மாற்றம் உண்டு. கையேட்டில் 'டியூனிங் ஸ்டெப்' என்ற தலைப்பைத் தேடுங்கள். சில சாதனங்களில் இரண்டு பொத்தானைச் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் 0.05 அல்லது 0.1 வீதம் நகரும்படி மாறும்.

ஆனால், மாறவில்லை என்றால் இந்தச் சாதனத்தில் தமிழ் ஒலி தெளிவாக வராது ஐயா. ஒளிக்காமல் சொல்கிறேன். அப்படியானால் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி அதைக் கடிகாரமாக மட்டும் வைத்துக்கொண்டு, தமிழுக்கு இங்கேயே ஒரு சிறிய வானொலி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். மகன் தந்ததைத் தினமும் பார்க்கலாம், ஒலியையும் கேட்கலாம்.

முள்ளைக் கையால் திருப்பும் பழைய வகை என்றால் இந்தச் சிக்கல் கிடையாது, முள் எங்கேயும் நிற்கும். அதில் 96.8ஐப் பிடிக்க ஒரு வழி: 96.3லும் 97.2லும் சீன நிலையங்கள். அந்த இரண்டுக்கும் நடுவே மெதுவாக, மிக மெதுவாகத் திருப்புங்கள், தமிழ் கேட்கும்.

ஜப்பானில் வாங்கியதை யாராவது பரிசாகக் கொடுத்தால் இன்னும் கவனம். அந்த நாட்டுப் பழைய வானொலிகளின் பண்பலை 76இல் தொடங்கி 90இலேயே முடிந்துவிடும். 96.8 அதன் எல்லைக்குள்ளேயே இல்லை.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் அனுப்பிய கடிகார வானொலி, தானே நேரம் வைத்துக்கொள்ளும் வகை. நேரத்தை நம் ஊருக்கு மாற்றி வைத்தேன், நன்றாக ஓடியது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் ஒரு மணி நேரம் முன்னால் போயிருக்கிறது. பேட்டரி காரணமா? - இல்லத்தரசி, பிடோக்

பதில்: பேட்டரி இல்லை அம்மா. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் நகர்த்துவார்கள். 2007 முதல் அங்கே இதுதான் நடைமுறை. உங்கள் சாதனத்துக்குத் தொழிற்சாலையிலேயே இந்த நாட்காட்டியை ஏற்றிவிட்டார்கள். தான் இப்போது பிடோக்கில் இருப்பது அதற்குத் தெரியாது. 'டிஎஸ்டி' என்ற பொத்தானோ அமைப்போ இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அணைக்கவே முடியாத வகை என்றால் அந்த இரண்டு ஞாயிறுகளிலும் கையால் திருத்த வேண்டியதுதான். திங்கட்கிழமை பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நாள் என்பதால் ஞாயிறு இரவே ஒரு முறை பாருங்கள்.

நம் ஊரில் கடைசியாக எல்லாரும் கடிகாரத்தை நகர்த்தியது 1981 டிசம்பர் 31 இரவு. பதினொன்றரை மணிக்கு அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தோம், 1982 அப்படித்தான் பிறந்தது. அதன் பிறகு நகர்த்தவில்லை.

ஒரு துணைச் செய்தி: பெட்டியில் 'அட்டாமிக்' என்று போட்டு, வானொலி அலையில் நேரம் பிடிப்பதாக விற்பவை அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்திலிருந்து வரும் அலையை நம்பியவை. அது இங்கே எட்டாது. அந்த வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: அக்கா வணக்கம். துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கிறேன். லாரி காலை 5.15க்கு வந்துவிடும், சில வாரம் இரவு வேலை. அறையில் எல்லாருக்கும் வேறு வேறு நேரம். ஊருக்குத் திரும்பிய நண்பர் தன் கடிகார ரேடியோவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரவில் ஒலி 96.8 கேட்டால்தான் தூக்கம் வருகிறது. மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் எப்படிப் பயன்படுத்துவது? சனிக்கிழமை அலாரம் அடிக்காமல் ஒரு நாள் லாரியை விட்டுவிட்டேன். - கட்டுமான ஊழியர்

பதில்: தம்பி, முதலில் அந்தச் சனிக்கிழமை. அலாரத்தில் 'வீக்டே' என்ற அமைப்பு இருக்கிறதா பாருங்கள். அது திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். ஐந்து நாள் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது, சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற உங்களை அது நினைத்துப் பார்க்கவில்லை. ஏழு நாளும் அடிக்கும் அமைப்பில் வைத்துவிட்டு, மறுநாள் விடுமுறை என்றால் மட்டும் இரவு படுக்கும்போது அணையுங்கள், விடுமுறை இரவில் மறக்காமல் போடுங்கள். வீக்டே அமைப்பையே வைத்துக்கொள்வது என்றால் சாதனத்தில் தேதியும் வருடமும் சரியாக இருக்க வேண்டும். தேதி தவறினால் கிழமையும் தவறும்.

இரண்டு அலாரம் இருந்தால் ஒன்றைப் பகல் வேலைக்கும் மற்றதை இரவு வேலைக்கும் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். நேரத்தைத் தொடவே வேண்டாம். அந்த வாரத்துக்கு எது தேவையோ அதை மட்டும் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் எண் மாற்றும் வேலையே கூடாது.

தூங்கும்போது கேட்க 'ஸ்லீப்' பொத்தான் இருக்கிறது. அழுத்த அழுத்த 90, 60, 30 என்று நிமிடங்கள் குறைந்துவரும். உங்களுக்குத் தேவையான நிமிடத்தில் விட்டால், அந்த நேரம் ஆனதும் வானொலி தானே அணைந்துவிடும். ஹெட்ஃபோன் மாட்டும் துளை இருந்தால், காதுக்குள் வைக்கும் கருவியை விட, தலையணைக்கு அடியில் வைக்கும் தட்டையான ஸ்பீக்கர் நல்லது. வயர் கழுத்தில் சுற்றாது, பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்காது.

ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது அலாரம் எங்கே கேட்கும் என்பது சாதனத்துக்குச் சாதனம் மாறும். சிலவற்றில் பஸ்ஸர் வெளி ஸ்பீக்கரில் அடித்து அறையையே எழுப்பிவிடும். சிலவற்றில் ஹெட்ஃபோனுக்குள் மட்டும் கேட்கும், அது காதிலிருந்து நழுவியிருந்தால் உங்களுக்கும் கேட்காது. விடுமுறை நாளின் பகலில் சோதித்துப் பாருங்கள். நம்பிக்கையாக இல்லாவிட்டால், வானொலியைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, எழுப்புவதற்குக் கையில் கட்டும் அதிர்வுக் கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் அதிரும், சத்தமே வராது. இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல உதவி நீங்கள் செய்ய முடியாது.

கேள்வி: லண்டனிலிருந்து டிஏபி எனும் எண்முறை ஒலிபரப்பைப் பிடிக்கும் கடிகார வானொலி கொண்டுவந்தேன். எந்த நிலையமும் பிடிக்கவில்லை. - வாசகர், அங் மோ கியோ

பதில்: இங்கே இப்போது டிஏபி ஒலிபரப்பு இல்லை. 'மோட்' பொத்தானை அழுத்திப் பண்பலைக்கு மாற்றுங்கள், 96.8 வரும். பிளக்கும் மின்சாரமும் பிரிட்டனில் இருப்பதே நம்மிடமும் என்பதால் வேறு கவலை இல்லை. டிஏபி அலையிலிருந்துதான் அது நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அது கிடைக்காத இடம் என்பதால் நேரத்தைக் கையால் வையுங்கள், தானாகத் திருத்தும் அமைப்பை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: புது வீட்டுக்கு வந்த பிறகு அதே வானொலியில் இரைச்சல். பழைய வீட்டில் தெளிவாக இருந்தது. கட்டிலின் தலைமாடு பாம் ஷெல்டர் சுவரை ஒட்டி இருக்கிறது. - வாசகி, பொங்கோல்

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு அறையின் சுவர் தடித்த கான்கிரீட், உள்ளே நெருக்கமாக இரும்புக் கம்பி, கதவு எஃகு. பண்பலை அலை அதைத் தாண்டிவரத் திணறும். அலை வருகிற பக்கத்தில் அந்தச் சுவர் நின்றால் இரைச்சல்தான்.

சாதனத்தின் பின்னால் மெல்லிய வால் போல ஒரு வயர் தொங்குகிறதா? அதுதான் ஆன்டெனா. புது வீட்டில் அழகுக்காகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருப்பீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அவிழ்த்து நேராக நீட்டுங்கள். 96.8இன் அலைநீளம் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம், அதில் கால் பங்கு, அதாவது முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நீண்டால் நன்றாகப் பிடிக்கும். வயரின் நுனியைச் சன்னல் சட்டத்தின் பக்கம் கொண்டுபோய் ஒட்டுங்கள், ஆனால் இரும்புக் கம்பியைத் தொடாமல். நம் பண்பலை ஒலிபரப்பு புக்கிட் பாத்தோக் பக்கத்திலிருந்து வருகிறது. பொங்கோலுக்கு அது மேற்குத் திசை, அந்தப் பக்கச் சன்னல் இருந்தால் முதலில் அதில் முயலுங்கள். வால் வயரே இல்லாத வகையில் மின்கம்பிதான் ஆன்டெனா, அதையும் சுருட்டாமல் நீட்டிவிட்டு வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள்.

இரைச்சல் குறையாவிட்டால் பக்கத்தில் இருக்கும் கைப்பேசிச் சார்ஜரையும் எல்ஈடி மேசை விளக்கையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான சார்ஜர்கள் நிறைய மின்னிரைச்சலைக் கிளப்பும். எதை அணைத்ததும் குரல் தெளிகிறதோ அதை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறது. அலாரம், வானொலி, எல்லாம் அதில் வருகிறது. இன்னும் எதற்கு இந்தப் பெட்டி? - இளைஞர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். கண் மங்கிய ஒருவருக்கு இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், கண்ணாடியைத் தேடாமல், திரையைத் தொடாமல், தலையைத் திருப்பினாலே நேரம் தெரிய வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் தமிழில் ஒரு குரல் பேச வேண்டும். என் வயதுக்காரர்களில் தனியாக இருப்பவர்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு அந்தக் குரல் பெரிய துணை. கைப்பேசியில் அதே குரலுக்குப் போக எத்தனை திரை கடக்க வேண்டும் என்று உங்கள் பாட்டியின் கையில் கொடுத்துப் பாருங்கள் தம்பி.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவர் அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய கிளாக் ரேடியோ கிடைத்தது. மரநிறப் பெட்டி, சிவப்பு எண்கள், அடியில் 'மேட் இன் சிங்கப்பூர்' என்று இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் உறுமல் சத்தம் வருகிறது, ஒலியளவைத் திருகினால் கரகரக்கிறது, எண்களில் ஒரு கோடு எரியவில்லை. சரிசெய்ய முடியுமா? - மகன், தோ பாயோ

பதில்: முடியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வந்துதான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் அப்பாவின் பெட்டி எங்கள் வரிசையைக் கடந்து போனதா என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரில் ஏதோ ஒரு வரிசையில், என்னைப் போல ஒரு பெண் அதைக் காதருகே வைத்துக் கேட்டு, அலாரத்தை அடிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியில் போட்டிருப்பாள்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பழுது பார்க்கும்வரை மறுபடி மாட்ட வேண்டாம். உறுமல் வருவது உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் கெப்பாசிட்டர் காய்ந்துபோனதால். ஆண்டுகள் ஆக ஆக அவை வலுவிழக்கும். புதியது போட்டால் உறுமல் நிற்கும், சின்ன பாகம்தான், கிடைக்கும். ஒலியளவுத் திருகியின் கரகரப்பு உள்ளே படிந்த அழுக்கு. மின்தொடர்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு தெளிப்பு விற்கிறார்கள். மெக்கானிக் அதைச் சிறிது அடித்துப் பலமுறை திருகிவிட்டால் போய்விடும். சமையலறை எண்ணெய் எதையும் விடாதீர்கள்.

எரியாத கோடுதான் கடினம். இணைப்பு விட்டுப்போயிருந்தால் மறுபடி ஈயப்பற்று வைத்துச் சரிசெய்யலாம். அந்த விளக்கே செத்திருந்தால் அதே அளவு எண் பலகை இப்போது அகப்படுவது கஷ்டம். எந்தக் கோடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு போயிருந்தால் 8 பார்ப்பதற்கு 0 போல இருக்கும், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

எடுத்துப் போவதற்கு முன் அடிப்பக்க லேபிளைப் படம் எடுங்கள். 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் உள்ளூருக்கோ இதே மின்சாரம் உள்ள நாட்டுக்கோ செய்தது. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அமெரிக்காவுக்குப் போக வேண்டியது எப்படியோ இங்கேயே தங்கிவிட்டது. அதை நேரடியாகச் சுவரில் மாட்டினால் எரிந்துபோகும். மேலே சுவா சூ காங் ஐயாவுக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். உதிரி பாகங்களுக்கு ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் விசாரியுங்கள். அங்கே போகும்போது அந்தப் படத்தையும் காட்டுங்கள், வாயால் விவரிப்பதைவிட வேலை சீக்கிரம் நடக்கும். 9 வோல்ட் பேட்டரி உள்ளே கசிந்து பச்சை பூத்திருந்தால் வெறும் கையால் தொடாமல் கையுறை போட்டு எடுத்துவிடுங்கள்.